குளிர் இல்லாத ஊரில் ஒட்டுப்போர்வை

சாந்தோமில் ஜனவரி மாதத்தில்கூடக் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 21 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துக் கடற்காற்றில் தூங்கும் வீடுகளுக்கு ஒரு மெல்லிய பருத்தித் துப்பட்டி போதும்; வருஷத்தில் பாதி நாள் அதுவும் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் துணியைப் பூவாகவும் இலையாகவும் கத்தரித்து, இன்னொரு துணியின்மேல் வைத்து, விளிம்பை மடித்துக் கையாலேயே தைத்து, அடியில் மேலும் இரண்டு அடுக்கு சேர்த்துப் போர்வையாக்க மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஏன் உட்கார வேண்டும்? பாண்டி பஜார் நடைபாதையில் பேரம் பேசி ஒரு விரிப்பு வாங்கிவந்துவிடலாம்.

2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்ததிலிருந்து இந்தக் கேள்வி நகரத்தில் கொஞ்சம் சத்தமாகவே கேட்கப்படுகிறது. ஆனால் கேள்வி மிகப் பழையது. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு காலங்களில், வேறு வேறு காரணங்களுக்காகக் கேட்கப்பட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துவராத விடைகளைப் பெற்றது. அவற்றில் முக்கியமானவற்றைச் சென்னையின் கோணத்திலிருந்து பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. கடைத்தெருவில் அப்ளிக், பேட்ச் ஒர்க் இரண்டையும் ஒன்றுபோலச் சொல்வதுண்டு. துண்டுகளைப் பக்கம்பக்கமாக இணைத்துப் பெரிய துணியாக்குவது பேட்ச் ஒர்க். முழுத்துணி ஒன்றின்மேல் துண்டுகளை வைத்துத் தைப்பது அப்ளிக். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் முதல் விடை இவ்வளவு காலம் கேள்வி கேட்பாரின்றி நின்றது.

சிக்கனம்

அந்த முதல் விடை, ஏழ்மை. வங்காளத்தின் காந்தா, மகாராஷ்டிரத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி, சிந்துவின் ரல்லி, உத்தர கன்னடத்தில் வாழும் சித்தி மக்களின் கவந்தி எல்லாமே நைந்த துணியிலிருந்து பிறந்தவை. தமிழ் வீடுகளில் இதற்கு ஈடாகத் தனிப்பெயர் பெற்ற கலையொன்று வளரவில்லை. பழக்கம் மட்டும் இருந்தது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பாட்டியின் பழைய வாயில் சேலையையோ தாத்தாவின் நைந்த வேட்டியையோ நாலாக மடித்து, ஓரத்திலும் குறுக்கிலும் நீளத் தையல் ஓட்டி விரிப்பாக்கினார்கள். குழந்தை வளர்ந்ததும் அது மிதியடியாகி, பிறகு கரித்துணியாகி மறைந்தது. எதையும் சேர்த்துவைக்காத சிக்கனம்.

இந்த விடைக்குள் ஒரு கிளை விடையும் உண்டு: ஒட்டுப்போட்ட துணி துறவின் அடையாளம். மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அதைப்போலத் துண்டுகளை இணைத்துப் பிக்குகளுக்கு அங்கி தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநய பிடகம் சொல்கிறது. சூஃபிகளின் ஒட்டு அங்கியும் இந்த வகைதான். ஆக, கிழிசலை ஒட்டுவது ஏழையின் கட்டாயமாக மட்டுமே எல்லா இடத்திலும் இருந்ததில்லை. வேண்டியே ஏற்றுக்கொண்ட எளிமையாகவும் இருந்திருக்கிறது.

சிக்கன வாதத்துக்கு அடி விழுந்தது அமெரிக்க ஆய்வாளர்களிடமிருந்து. குடியேற்றக் காலத்து ஏழை வீட்டுப் பெண்கள் கந்தல்களைச் சேர்த்துப் போர்வை தைத்துக் குளிரை வென்றார்கள் என்ற கதை அங்கே வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. எஞ்சியிருக்கும் பழைய போர்வைகளை ஆராய்ந்தபோது கிடைத்தது வேறு: அவை வசதியான வீடுகளில், விலை மிகுந்த இறக்குமதித் துணியில் தைக்கப்பட்டவை. துண்டுத்துணிப் போர்வை பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆலைத்துணி மலிவான பிறகு. துணி அரிதாக இருந்தபோது அல்ல, மிஞ்சியபோதுதான் ஒட்டுப்போர்வை பெருகியது.

அப்ளிக்கைப் பொறுத்தவரை சிக்கன வாதம் இன்னும் பலவீனமானது. பூவுக்கு அடியிலும் துணி இருக்கிறது. அதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு போர்வைக்கு ஒன்றரைப் போர்வைத் துணி செலவாகும் முறை இது. துணியை மிச்சம் பிடிக்க நினைப்பவர் தேர்ந்தெடுக்கக்கூடிய கடைசி வழி.

சாந்தோமிலிருந்து போன துணி

அப்படியென்றால் துணிமேல் துணி வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது? மூலம் ஒன்றல்ல. எகிப்திலும் நடு ஆசியாவிலும் கிறிஸ்துவுக்கு முந்தைய தோல், கம்பள வேலைகளில் இது இருக்கிறது. ஆனால் படுக்கை விரிப்பில் பூக்களை வெட்டி ஒட்டும் பாணி ஐரோப்பாவில் பரவியதற்குச் சோழமண்டலக் கரையின் துணி ஒரு முக்கியக் காரணம். அந்தக் கதை தொடங்கும் இடங்களுள் ஒன்று சாந்தோம்.

வெனிஸ் வணிகர் செசாரே ஃபெடரிச்சி 1563இல் கிழக்கே புறப்பட்டு 1581இல் திரும்பினார். போர்த்துகீசியர் குடியிருந்த சாந்தோமின் எழுதுதுணிகளைப் பற்றி அவர் வியந்து எழுதியிருக்கிறார்: பல வண்ணத்தில் பொன் பூசியதுபோல் தோன்றும், துவைக்கத் துவைக்க நிறம் மேலும் எடுப்பாகும். இங்கிருந்து பர்மாவின் பெகுவுக்கு ஆண்டுதோறும் கப்பல் போனதையும், அதில் இந்தத் துணிகளும் சிவப்புச் சாயமிட்ட நூலும் ஏறியதையும் குறிப்பிடுகிறார். அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது.

துவைத்தால் நிறம் கூடும் என்பது பயணியின் மிகை என்று தள்ளிவிடலாம். ஆனால் அதற்கு அடிப்படை உண்டு. ஐரோப்பாவில் அன்று பருத்தியில் நிலைக்கும் சாயம் போடத் தெரியாது. துணிமேல் பூசிய வண்ணம் இரண்டு சலவையில் போய்விடும். இங்கே படிகாரத்தால் எழுதிய இடத்தில் சாயவேரின் சிவப்பு இழைக்குள் போய்ப் பற்றிக்கொண்டது. இரும்புக் கரைசல் கறுப்பைத் தந்தது. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மறைத்துவிட்டு, துணியை அவுரித் தொட்டியில் முக்கினார்கள். கரையோரம் நெடுக, மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு வழியாக நாகப்பட்டினம்வரை, இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதிய பெரிய படுக்கை விரிப்புகளில் நடுவே பூத்துக் குலுங்கும் ஒற்றை மரம் நின்றது. ஐரோப்பா அதற்குப் பித்தாகியது.

பித்து எல்லை மீறியதும் உள்ளூர் நெசவாளர்கள் எதிர்த்தார்கள். பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிகளைத் தடை செய்தது. தடை 1759வரை நீடித்தது. இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுச் சட்டங்களால் முதலில் இறக்குமதியையும் பிறகு உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்தியது. கிடைத்த துணி அருமையானது. விரிப்பு ஒன்று நைந்தால் அதன் பூக்களையும் கிளிகளையும் ஒவ்வொன்றாகக் கத்தரித்து எடுத்து, வெற்று வெள்ளைத் துணியில் பரப்பி, விளிம்பை ஊசியால் அமர்த்தினார்கள். ஒரு விரிப்பின் பூக்கள் இரண்டு மூன்று விரிப்புகளுக்கு வந்தன. இங்கிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் இந்த முறை செழித்தது. பின்னாளில் அதற்குப் பாரசீகத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள், சோழமண்டலத்தின் பெயரை அல்ல.

இங்கே சிக்கன வாதம் வேறு வடிவத்தில், இரண்டாவது விடையாக, திரும்பி வருவதைக் கவனிக்கலாம். காப்பாற்றப்பட்டது துணி அல்ல, அதன்மேல் எழுதியவரின் கைவேலை. சாந்தோம் துணியே அந்தப் போர்வைகளில் இருக்கிறது என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தபோது வணிகத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வேறு துறைமுகங்களுக்குப் போயிருந்தது. சொல்லக்கூடியது இவ்வளவே: அப்ளிக் போர்வையை மேற்கத்தியப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களும், பாரம்பரிய இந்தியக் கலை என்று கொண்டாடுபவர்களும் பாதிக் கதையையே சொல்கிறார்கள். துணி இங்கிருந்து போனது. வெட்டி ஒட்டும் பழக்கம் அங்கே வளர்ந்து, கான்வென்ட் வழியாகவும் கைவேலைப் பத்திரிகை வழியாகவும் இங்கே திரும்பியது.

ஊசியும் ஒழுக்கமும்

கான்வென்ட் என்றதும் மூன்றாவது விடை வந்துவிடுகிறது: தையல் பெண்ணைப் பண்படுத்துகிறது. தமிழகத்தின் தென்கோடியில் இந்த எண்ணம் 1820கள் முதலே செயல்பட்டது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் மதம் மாறிய பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்தபின், இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். பொறுமை, சுத்தம், குனிந்த தலை ஆகியவை இந்தக் கல்வியின் எதிர்பார்ப்புகள். கையில் நாலு காசு வந்ததும் உண்மை. மேரியின் பிரான்சிஸ்கு மறைப்பணிச் சகோதரிகள் சபை 1877இல் உதகமண்டலத்தில் தொடங்கியது; அந்தச் சபையும் போன இடங்களில் கல்விக்கூடத்தோடு தையல் கூடங்களையும் நடத்தியது. மயிலாப்பூரில் அதே சபையின் செயின்ட் தாமஸ் கான்வென்ட் வளாகத்தில்தான் 1947 ஆகஸ்ட் 15 அன்று 32 மாணவிகளோடு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி பிறந்தது. ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த நிறுவனமே பட்டப்படிப்பையும் கொண்டுவந்தது. இரண்டில் எது பெண்ணை அதிகம் மாற்றியது என்று கேட்டால் பலரும் தயங்காமல் விடை சொல்வார்கள்.

ரோஸிகா பார்க்கர் 1984இல் வெளியிட்ட நூல் இந்த விடையைத் தலைகீழாக்கியது. பூத்தையல் பெண்ணை அடக்கக் கற்றுக்கொடுத்த கருவி என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அதே ஊசியால் பெண்கள் அந்த அடக்கத்தை மீறும் வழியையும் கண்டுபிடித்தார்கள் என்று வாதிடுகிறார். சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப்பின் காணாமல்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும், தேவாலயத்தின் ஆதரவில், சாக்குத்துணியின்மேல் பழந்துணிப் பொம்மைகளை ஒட்டிக் கைதுகளையும் ஊர்வலங்களையும் தைத்தார்கள். பீகாரின் முசாபர்பூர்ப் பக்கம் சுஜனி விரிப்புகளில் வரதட்சணையும் கள்ளுக்கடையும் இடம்பெற்றன. பார்க்கருக்கு இவற்றைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆனால் ஒழுக்கம் என்றாலும் மீறல் என்றாலும் இரு தரப்பினரும் அப்ளிக்கைப் பெண்ணின் வேலையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அது பொருந்தவில்லை. பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் தேர் மாட வீதியில் நகரும்போது பக்கவாட்டில் தொங்கி ஆடும் தொம்பைகளைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளைத் துணியில் வெட்டி ஒட்டிய யாளியும் தாமரையும் அன்னமும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தொம்பையும் தோரணமும் மேற்கட்டியும் தைப்பது ஆண்களின் தொழில். புரி ஜகந்நாதர் தேருக்குத் துணி தைக்கும் பிப்பிலியின் தர்ஜிகளும், கெய்ரோவின் கூடாரத் தெருவில் இதே வேலையைக் கையால் செய்பவர்களும் வழிவழியாக ஆண்கள். கடையில் செய்தால் ஆணின் தொழில், வீட்டில் செய்தால் பெண்ணின் குணம்! வேலையின் தன்மையைவிட வேலை நடக்கும் இடமே இந்தப் பிரிவினையைத் தீர்மானித்திருக்கலாம் என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு.

கையா மெஷினா என்ற கிளைக் கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். இயந்திரங்களை எதிர்த்த காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரனுடன் நடந்த உரையாடலில், சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்ட சிங்கரின் அன்பில் பிறந்த கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். கை ராட்டையைத் தேசத்தின் சின்னமாக்கியவருக்கே கைத்தையல் சலிப்பூட்டும் சுமையாகத்தான் தெரிந்திருக்கிறது. தமிழக அரசும் அதே வழியில்தான் யோசிக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டம் ஆதரவற்ற பெண்களுக்குத் தருவது தையல் மெஷின். பிழைப்புக்கு வழி அது. கையூசி பிழைப்பின் கணக்கில் வருவதில்லை.

சுவரில் ஏறிய போர்வை

நான்காவது விடை கலை. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றி எழுதிய கட்டுரை, கந்தல் விரிப்பை அழகியலின் கண்ணால் பார்த்த முன்னோடிகளுள் ஒன்று. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளைப் படுக்கையிலிருந்து எடுத்து ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. நவீன அரூப ஓவியம் செய்ததை இந்தப் பெண்கள் முன்பே செய்துவிட்டார்கள் என்று வியந்தார்கள். இரண்டே வருஷத்தில் பட்ரீஷியா மைனார்டி அதை மறுத்து எழுதினார்: ஆண் ஓவியர்களை முன்கூட்டியே நினைவூட்டியதால்தான் இவை மதிக்கப்படுகின்றன, தைத்தவர்களின் பெயரும் எண்ணமும் கண்காட்சியில் காணாமல்போய்விட்டன.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் விட்னியிலும் காட்டப்பட்டபோது பெயர்கள் போடப்பட்டன. புகழ் வந்தது, 2006இல் தபால்தலையும் வந்தது. 2007இல், விற்பனையில் தங்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்று தைத்தவர்களில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். மறு வருஷம் சமரசமானது. பெயர் போட்டதால் மட்டும் பங்கு வந்துவிடாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இந்தியாவில் இதே வாதம் கலை என்ற பெயரில் அல்லாமல் கைவினை என்ற பெயரில் நடந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் 1952 முதல் அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராக இருந்தவர். 1964இல் தொடங்கிய இந்தியக் கைவினைக் கழகம் சென்னையிலிருந்து, தியாகராய நகரிலிருந்து இயங்குகிறது. இவர்களின் முயற்சியால் பல கைவேலைகள் பிழைத்தன; பிப்பிலியின் அப்ளிக், வங்காளத்தின் நக்ஷி காந்தா முதலியவை புவிசார் குறியீடும் பெற்றுவிட்டன. ஆனால் கைவினை என்ற வரையறைக்கு ஒரு சமூகம், ஓர் ஊர், ஒரு மரபு தேவை. சாந்தோமில் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஒருவர் தனியாக, யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டு தைக்கும் போர்வைக்கு மரபு என்று எதைக் காட்டுவது? கலையென்று சொல்ல அது படுக்கையில் கிடக்கிறது. கைவினையென்று சொல்ல அதற்கு ஊர் இல்லை. இரண்டு பதிவேட்டிலும் அதற்கு இடமில்லை.

கூலி கணக்கு

இவ்வளவு அழகாகப் பேசுபவர்கள் கூலியை மறந்துவிடுகிறார்கள் என்பது ஐந்தாவது தரப்பு. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நரசாபூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய ஆய்வு இதன் அடித்தளம். ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிக் கரையில் பெண்கள் தினமும் பல மணிநேரம் உலகச் சந்தைக்காகப் பின்னினார்கள். வியாபாரிகளோ அவர்களை இல்லத்தரசிகள் என்றார்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றார்கள். ஓய்வு என்று பெயர் வைத்ததே கூலியைக் குறைத்த சூத்திரம் என்பது மீஸின் வாதம். அகமதாபாதில், ஆலைக் கழிவுத் துண்டுகளில் போர்வை உறை தைத்த முஸ்லிம் பெண்களை சேவா அமைப்பு 1970களில் திரட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான 177ஆம் எண் சர்வதேச உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

இந்தத் தரப்பின் பலம் மறுக்க முடியாதது. ஆனால் விற்பதற்கல்லாமல், மகளின் கல்யாணத்துக்கோ பேத்தியின் பிறப்புக்கோ தைக்கும் போர்வையை இது விளக்குவதில்லை. கூலிக்கு மாரடிப்பதை விளக்கும் கோட்பாடு, கூலியே இல்லாமல் ஒருவர் விரும்பி மாரடிப்பதைப் பார்த்தால் திகைக்கிறது. அது மனசுக்கு மருந்து என்று ஓர் எளிய பதில் இப்போது எல்லா வார இதழிலும் கிடைக்கிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில் 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டபோது, பின்னுவதால் மனம் அமைதியடைவதாகப் பலர் சொன்னார்கள். பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள். பிடிக்காமல் விட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இதற்குமேல் அதில் நிற்கத் தேவையில்லை.

விட்டு விட்டுத் தைப்பது

இதுவரை பார்த்த விடைகள் எல்லாம் தைத்து முடித்த போர்வையைப் பார்த்துச் சொன்னவை. தைக்கும் நேரத்தைப் பார்த்துச் சொன்ன விடை ஒன்று மானுடவியலிலிருந்து வந்தது. ஜூடித் பிரவுன் 1970இல் எழுதிய ஒரு சிறு குறிப்பு: எல்லாச் சமூகத்திலும் பெண்களிடம் போய்ச் சேரும் வேலைகள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடியவை. ஆபத்தில்லாதவை, வீட்டுக்கு அருகிலேயே நடப்பவை, எந்த நொடியிலும் விட்டுவிட்டு மறுபடி தொடரக்கூடியவை. எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் இதை வைத்தே துணி வேலையின் இருபதாயிரம் ஆண்டு வரலாற்றை எழுதினார்.

கைத்தையல் அப்ளிக்கை இந்தக் கோணத்தில் பார்த்தால் மற்ற விடைகளுக்குப் பிடிபடாத சில விஷயங்கள் பிடிபடுகின்றன. ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். வரைந்த கோட்டுக்கு வெளியே கால் அங்குலத்துக்கும் குறைவாக விளிம்பு விட்டு வெட்ட வேண்டும். அடித்துணியில் இரண்டு நூல்குத்து போட்டு நிறுத்தியபின், ஊசிமுனையால் விளிம்பை ஒரு நகக்கண் அளவுக்கு உள்ளே தள்ளி, இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அடியிலிருந்து ஏறும் ஊசி மடிப்பின் ஓரத்தில் இரண்டு இழையை மட்டும் கவ்வி, ஏறிய இடத்தை ஒட்டியே இறங்கினால்தான் தையல் வெளியே தெரியாது. உள்வளைவில் கத்தரியால் சின்ன வெட்டு கொடுக்காவிட்டால் துணி இழுத்துச் சுருங்கும். இலை நுனியில் ஒரு பக்கம் மடித்து, மிஞ்சிய மூலையைக் கத்தரித்து, மறுபக்கம் மடித்து, ஒரு தையல் கூடுதலாகப் போட வேண்டும். நூல் ஒரு முழத்துக்குமேல் போனால் சிக்கிக்கொள்ளும். இத்தனையும் சேர்ந்தால் ஒரு சிறு இலைக்குக் கால்மணி, இருபது நிமிஷம்.

இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம். மூன்றாவது விசிலுக்கு எழுந்து அடுப்பை அணைக்கலாம். மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் ஓடலாம். ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்திலிருந்து தொடரலாம். போட்ட தையல் அவிழாது. பின்னலில் விட்டால் கண் நழுவும், கோலத்தில் விட்டால் மாவு காயும், மெஷினில் உட்கார்ந்தால் எழுந்து எழுந்து வர முடியாது. மடியில் ஒரு சதுரத் துணி, ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு. டாக்டர் வீட்டுக் காத்திருப்பிலும் டியூஷன் வாசலிலும் அது கூடவே வரும். மெஷின் வந்து இத்தனை காலமாகியும் கைத்தையல் அப்ளிக் சாகாததற்கு அழகுணர்ச்சியைவிட இது பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்பது இக்கட்டுரையின் சாய்வு.

தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இந்த இடத்தில் உதவுவதுபோலத் தோன்றி, உதவாமல் போகிறது. 2019இல் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். 2024இல் இது 289, 88. ஓய்வென்ற பெயரில் எவ்வளவு குறைவாக மிஞ்சுகிறது என்பதற்கு இது போதும். ஆனால் ஆய்வு நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டுக்குள் பத்து நிமிஷமாவது நீடித்த செயல்களைத்தான் பதிவு செய்கிறது. சாதம் வேகும்வரை ஆறு நிமிஷம், குழாயில் தண்ணீர் நிற்கும்வரை எட்டு நிமிஷம் என்று தைத்தவரின் தையல் அந்தச் சல்லடையில் நிற்காது.

இந்த விடைக்கும் ஓட்டை உண்டு. மேல்துணி தைப்பதுவரைதான் அது பொருந்துகிறது. மூன்று அடுக்கையும் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரம்வரை பெரிய தையலால் இணைக்கும் கட்டம் வந்ததும் ஹாலின் தரை முழுவதும் வேண்டும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் முடியாவிட்டால் சுருட்டி வைக்க வேண்டும். சுருட்டினால் அடுக்கு நகரும். அமெரிக்காவில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு நாள் கூடி இந்த வேலையை முடித்தார்கள். வங்காளக் கிராமங்களில் காந்தாவின் அடுக்குகளை முற்றத்தில் விரித்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். அடுக்ககத்தில் முற்றமும் இல்லை, அழைத்தால் வரும் நாலு கையும் எளிதில் கிடைப்பதில்லை. மேல்துணி முடிந்தும் போர்வையாகாமல் பீரோவில் கிடப்பது தைப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சிலர் நடு அடுக்கையே தவிர்த்து, இரண்டு துணியோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் வெக்கைக்கு அது புத்திசாலித்தனமும்கூட.

கடுமையான எதிர்வாதம் தொம்பை தைப்பவரிடமிருந்து வருகிறது. அவர் இதே வேலையைக் காலையிலிருந்து மாலைவரை இடையறாமல் செய்கிறார். அப்படியென்றால் இடையூறுக்கு ஏற்ற தன்மை அப்ளிக்கிலேயே இருக்கிறதா, அல்லது வீட்டுப் பெண்களிடம் மிச்சமிருந்த ஒரே நேரம் அதுவாக இருந்ததால் நாம் பின்னோக்கிப் பார்த்து அப்படிச் சொல்கிறோமா? பிரவுனின் குறிப்புக்கும் இதே கேள்வியைப் போட்டார்கள்: பெண்களுக்கு எந்த வேலை ஏற்றது என்பதை அது விளக்குகிறதா, அவர்களுக்கு எது விடப்பட்டது என்பதை நியாயப்படுத்துகிறதா?

தீராதவை

ஐந்தாறு விடைகளும் முற்றாகத் தவறல்ல. சிக்கனம் காந்தாவுக்குப் பொருந்தும், அப்ளிக்குக்கு அதிகம் பொருந்தாது. ஒழுக்கப் பாடம் கான்வென்ட் தையல் கூடத்தை விளக்கும், தொம்பையை விளக்காது. கலை என்பது போர்வையைக் காப்பாற்றும், தைத்த நேரத்தை இழக்கும். கூலிக் கணக்கு விற்பனைத் தையலுக்கு இன்றியமையாதது. இடையூறு வாதம் வீட்டுத் தையலுக்கு நெருங்கி வருகிறது, ஆனால் காரணத்தையும் விளைவையும் பிரித்துக்காட்ட அதனால் முடியவில்லை.

சென்னையைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே இப்போது வளர்ந்துவரும் குவில்ட் வகுப்புகளில் சேர்பவர்கள் இறக்குமதித் துணியும் உருளும் கத்தியும் வெட்டுப் பலகையும் வாங்க வசதியுள்ளவர்கள். அவர்களில் பலர் வீட்டில் சமைக்கவும் பெருக்கவும் வேறொரு பெண் வருகிறார். அவருடைய மதியத்தில் தையலுக்கு இடம் உண்டா, அவர் வீட்டில் பழைய சேலை என்ன ஆகிறது என்பதைப் பற்றி இந்த விவாதம் பேசுவதேயில்லை. மெத்தை விரிப்பு தைக்கும் வர்க்கமும் மிதியடி தைக்கும் வர்க்கமும் ஒரே தெருவில், சாந்தோம் நெடுஞ்சாலைக்கு இந்தப்பக்கமும் நொச்சிக்குப்பத்துப் பக்கமுமாக இருக்க, ஆய்வுகள் முன்னதன் வாசலோடு நின்றுவிடுகின்றன. ஏசி அறைகள் பெருகியபின் இந்த ஊரில் போர்வைக்கே உண்மையான தேவை பிறந்துவிட்டது. அது எந்த அளவுக்கு இந்தப் புதிய ஆர்வத்துக்குக் காரணம் என்பதும் தனியாகப் பார்க்க வேண்டியது.

சான்றுகள் சேரும் விதத்திலும் குறை இருக்கிறது. பழந்துணி விரிப்பு உபயோகத்தில் தேய்ந்து மறைவது. உப்புக்காற்று ஊசியை மட்டுமல்ல, பீரோவில் மடித்துவைத்த துணியின் மடிப்பையும் தின்கிறது. எஞ்சுபவை விசேஷத்துக்குத் தைத்தவை, அதிகம் பயன்படாதவை. அவற்றை வைத்து அன்றாடத் தையலை மதிப்பிடுவதில் எப்போதும் ஒரு கோணல் இருக்கும். போர்வையின் பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய துணிச்சீட்டு ஒன்றைத் தைத்துவைக்கும் வழக்கம் தைப்பவர்களிடையே உண்டு. அந்தச் சீட்டில் இருப்பது பெரும்பாலும் முடித்த ஆண்டு. தொடங்கிய ஆண்டையும் எழுதத் தொடங்கினால், இடையூறு வாதத்தைச் சோதிக்க ஒரு தலைமுறைக்குப் பிறகாவது கையில் ஏதாவது இருக்கும்.